சளிக்கு வைத்த குழம்பு

காரம் உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதே இல்லை. என் மருமகள் கைபேசியில் எதையாவது படித்துவிட்டு வந்து, மிளகாய் ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம், நெஞ்சுச் சளியை அறுக்குமாம், பாலும் நெய்யும் கவுச்சியும் சேராத குழம்புதான் வயிற்றுக்கு லேசாம் என்று சொல்லுவாள். சரிம்மா, சரிம்மா என்று தலையாட்டி வைப்பேன். அவளுக்கு அது புதுச் செய்தி. எனக்கோ ஓர் ஊரே அப்படிப்பட்ட குழம்பைத் தின்று மூக்கைச் சிந்திக்கொண்டு கிடந்ததைக் கண்ணால் பார்த்த அனுபவம் இருக்கிறது. அதையெல்லாம் அவளிடம் சொன்னால் நம்பவா போகிறாள்?

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊர். போளூரிலிருந்து மலைமேல் பஸ் வரத் தொடங்கிவிட்டது என்று பேர்தான், எங்கள் ஊருக்கு வராது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு ஓடைகளைத் தாண்டி நடக்க வேண்டும். புல் வேய்ந்த மண் வீடுகள், ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சரிவில் ஏறிப் போகும். மேல் வீட்டில் தும்மினால் கீழ் வீட்டில் ‘நூறு’ என்பார்கள், அவ்வளவு நெருக்கம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பனிதான். தை மாதத்துக் கடைசி. காலைப் பனி கலைவதற்குள் உச்சிவேளை வந்துவிடும், வெயிலைக் கொஞ்சம் பார்ப்பதற்குள் மறுபடியும் பனி இறங்கிவிடும். நிஜமாகவே அவ்வளவு பனி இருந்ததா, அல்லது அடுப்புப் புகையும் பனியும் என் ஞாபகத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டனவா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மனிதர்கள் அதற்குள்ளிருந்து வருவார்கள், பேசுவார்கள், அதற்குள்ளேயே போய்விடுவார்கள்.

அத்தையும் அப்படித்தான் ஒருநாள் வந்தாள். அப்பாவின் தங்கை. ஆலங்காயம் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அப்பா போய்க் கூட்டிவந்தார். அப்பா முன்னால், அத்தை பின்னால், கையில் ஒரு துணிப்பை. இடுப்பில் பையன் இல்லை.

அந்தப் பையன் எங்கள் வீட்டில்தான் பிறந்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள், மூன்று மாதம் எங்களோடு இருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த மூன்று மாதமும் நான் அவனை மடியில் வைத்துக்கொண்டு ஊரையே அதிகாரம் பண்ணினேன். அதனால், பாப்பா எங்கே என்று வந்த உடனே கேட்டேன். அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாதான் என்னைத் தண்ணீர்ப் பானைப் பக்கம் இழுத்துப்போய், அவன் அங்கேயே அவன் அப்பா ஊரில் இருக்கிறான் என்றாள். அது பொய் இல்லை. அவன் அங்கேதான் இருந்தான், அவர்கள் கொல்லையின் கோடியில், ஒரு புங்கமரத்தடி மண்ணுக்குள். காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டான். இதை எனக்குச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, நானும் சின்னப் பிள்ளை. கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய சின்னப் பிள்ளை, ஒன்றும் தெரியாது.

அத்தை அங்கே அழவில்லையாம். தீட்டுக் கழிகிற வரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். பெற்ற பிள்ளையை மண்ணில் போட்டும் அழாத கல்நெஞ்சுக்காரி, பிள்ளையை முழுங்கினவள் என்று மாமியார் ஊர்க்கிணற்றில் நின்று பேசியிருக்கிறாள். கேள்விப்பட்டுத்தான் அப்பா போய்க் கூட்டிவந்தது. எங்கள் வீட்டிலும் அவள் சும்மாவே உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் வருவாள், வேலை சொன்னால் செய்வாள். சில நேரம் அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருக்கும். தண்ணீர் எடுக்கும்போது சிந்திக்கொண்டிருப்பாள், இவ்வளவு பெரியவளுக்கு ஒரு குடம் தூக்கத் தெரியவில்லையே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவள் வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஊரில் காப்புக் கட்டினார்கள்.

காப்பு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு மஞ்சள் கயிறு. எங்களுக்கு அது சட்டம். சாமை அறுப்பெல்லாம் முடிந்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற திருவிழா. பூசாரி கையிலும் ஊர்க் கவுண்டர் கையிலும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் அம்மனுடைய வீடு. கோழி, கருவாடு, முட்டை எதுவும் கூடாது. பால், தயிர், நெய் முழுக்கக் கோயிலுக்குப் போய்விடும், வீட்டுக்கு ஒரு சொட்டு மிஞ்சாது. ஊரைவிட்டு இறங்கிச் சந்தைக்குப் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது. காப்புக் கட்டின ஊரில் அழுகுரல் கேட்டால் அம்மன் திரும்பிப் போய்விடுவாள், அந்த வருஷம் மழை தப்பிவிடும் என்று உறுதியாக நம்பினார்கள்.

இந்தச் சட்டத்தால் மிகவும் சுகப்பட்டவர்கள் நாங்கள், பிள்ளைகள்தான். எங்களை அந்த நாட்களில் யாரும் அடிப்பதில்லை. அடித்தால் அழுவோம், அழுதால் ஊர்க்குற்றம். வருஷமெல்லாம் சேர்த்துவைத்த சேட்டைகளை அப்போதுதான் அவிழ்த்துவிடுவோம். கைக்குழந்தை உள்ள வீடுகளில் எந்நேரமும் ஒருத்தி வெல்லக்கட்டியோடு தயாராக இருப்பாள், குழந்தை வாயைக் கோணினால் போதும், வெல்லம் உள்ளே போய்விடும். என் தம்பிக்கு அப்போது ஒரு வயது நடந்துகொண்டிருந்தது. அந்தத் திருவிழாவில் அவன் தின்ற வெல்லத்துக்கு அளவே இல்லை.

காப்புக் கட்டின அன்று சாயங்காலம் அத்தைக்கு அழுகை வந்தது. எங்கே அழ வேண்டுமோ அங்கே வராத அழுகை, எங்கே வரக்கூடாதோ அங்கே வந்து நின்றது. அழுகைக்கு ஊர்ச் சட்டம் தெரியுமா? விறகு எடுக்கப் போனவள் அப்படியே விறகுக் குவியல்மேல் சாய்ந்துகொண்டு ஒரு குரல் எடுத்தாள். அம்மா ஓடிப்போய் வாயைப் பொத்தினாள். ஒரு குரல்தான். ஆனால் பனிக்குள் அது எங்கெல்லாம் போயிற்றோ.

மறுநாள் காலையில் ஊர்க் கவுண்டர் வந்தார். கம்பளி போர்த்திய நெட்டை மனிதர், மீசை நரைத்திருக்கும், கையில் தடி. எங்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் பயம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்று அப்பாவோடு பேசினார். சத்தம் போடவில்லை.

“உன் தங்கச்சி கஷ்டம் எனக்குத் தெரியும்பா. ஆனா காப்புக் கயிறு என் கையில கீது. இன்னொரு வாட்டி சத்தம் கேட்டுச்சின்னா, எல்லைக்கு அந்தாண்ட இட்டுனு போய் வுட்டுடு. திருவிழா முடிஞ்சி இட்டாந்துக்கோ.”

எல்லைக்கு அந்தாண்ட என்றால் அத்தைக்கு ஒரே இடம்தான், மாமியார் வீடு. அந்தப் புங்கமரம் இருக்கிற வீடு. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கவுண்டர் போனபிறகு அத்தை, நான் இனிமேல் அழமாட்டேன் அண்ணா, என்னை அங்கே விட்டுவிடாதே என்று அப்பாவின் காலைப் பிடித்தாள். அதை அழாமலே சொன்னாள். ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும், இது நிற்கிற மழை இல்லை என்று.

அம்மா அன்றைக்கு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா பெரிய பேச்சுக்காரி. அவள் வாய் மூடிக்கொண்டிருந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

அந்தக் குழம்பை அவள் வைத்த விதம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பச்சை மொச்சையை வேகவிட்டாள். புதுப்புளி, அப்போதுதான் உலுக்கி ஓடு தட்டியது, அதைக் கரைத்து வைத்தாள். மண்சட்டியில் மல்லியை வறுத்தாள், அப்புறம் மிளகாய். ஒரு கை மிளகாய் போடுகிற இடத்தில் இன்னொரு கை, அதற்குமேல் இன்னொரு கை என்று அள்ளிப் போட்டாள். அம்மா, அம்மா, போதும் என்று நான் கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெடி எழும்பி வீடெல்லாம் நிறைந்தது, தம்பி இருமினான், நான் வெளியே ஓடினேன். அது போதாதென்று அம்மியில் பூண்டோடு மிளகும் வைத்து அரைத்தாள். நல்லெண்ணெயில் கடுகு வெடிக்கவிட்டு எல்லாவற்றையும் கொட்டிக் கொதிக்கவைத்தபோது குழம்பு செக்கச்செவேலென்று இருந்தது. பால் இல்லை, தேங்காய்கூட இல்லை. காரத்தைத் தணிக்க அதில் ஒன்றுமே கிடையாது.

சாமைச் சோற்றில் ஊற்றி எல்லாருக்கும் வைத்தாள். முதல் கவளத்திலேயே எனக்கு உச்சி மயிர் நின்றுவிட்டது. கண்ணிலும் மூக்கிலும் ஊற்றுகிறது. அப்பாவுக்கும் அதே கதி. அவர் நாக்கை நீட்டிக்கொண்டே, “இன்னாமே இது?” என்றார்.

“சளிக்கு,” என்றாள் அம்மா. “உன் தங்கச்சிக்குச் சளி புடிச்சிக்கீது. காரமா துன்னா எறங்கிடும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார். அத்தை சோற்றை வாயில் வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் தாடையில் வழிந்து தட்டில் விழுந்தது. மூக்கை உறிஞ்சினாள், விக்கினாள், மறுபடியும் ஒரு கவளம் எடுத்தாள். “காரம் அண்ணி, காரம்,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். தின்னு, தின்னு என்று அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். வாசலில் தடிச் சத்தம் ஒன்று வந்து, நின்று, போய்விட்டது. மிளகாய் நெடி கவுண்டருக்கும் எட்டியிருக்க வேண்டும். இருமிக்கொண்டே போனார்.

அன்றிலிருந்து தினமும் அதே குழம்புதான். மொச்சை, அவரை, கத்தரிக்காய் என்று காய் மாறும், காரம் மாறாது. அப்பா அதற்கு ஒரு வைத்திய சாஸ்திரமே கட்டிவிட்டார். தான் அழுவதற்கு ஒரு கௌரவம் வேண்டுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குப் பாடம் எடுப்பார். மிளகாய் தின்றால் நெஞ்சில் கட்டின சளி உருகும், வயிற்றுப் பூச்சி சாகும், மலைக்காய்ச்சல் கிட்டே வராது, காரம் தின்கிறவனைக் கடித்த கொசு அந்த இடத்திலேயே செத்து விழும். பத்து மிளகு இருந்தால் பகையாளி வீட்டிலும் சாப்பிடலாம் என்று சும்மாவா சொன்னார்கள் என்பார். நான் முழுக்க நம்பினேன். கடித்த கொசு செத்து விழுகிறதா என்று கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். விழவில்லை. நான் இன்னும் போதுமான அளவு தின்னவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நம்பினதோடு நின்றேனா? கிணற்றடியில் போய்ப் பெருமை அடித்தேன். எங்கள் அம்மா வைக்கிற குழம்பு மாதிரி சளிக்கு மருந்து கிடையாது, எங்கள் அத்தைக்கு எவ்வளவு சளி தெரியுமா, ஒரு சட்டி சளி, எல்லாம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று நான் அளந்ததைத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் நின்று கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எப்படி வைக்கிறாள் உங்கள் அம்மா என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கும் சளிதான் என்றாள் அவள். எனக்கும்தான் என்றாள் இன்னொருத்தி.

அடுத்த நாள் சாயங்காலத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கனவில்கூட வந்திருக்கிறது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் மிளகாய் வறுபட்டது. கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டிலிருந்தும் நெடி வந்தது, அப்புறம் மேல் வீட்டிலிருந்து, அப்புறம் எங்கிருந்து என்று தெரியாமல் எல்லாப் பக்கமிருந்தும். கூரைகளின்மேல் புகை எழும்ப முடியாமல் பனியோடு சேர்ந்து படுத்துக்கொண்டது. ஊரே தெரியவில்லை. தெரியாத வீடுகளிலிருந்து இருமல் கேட்டது, தும்மல் கேட்டது, மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தியாகக் கையில் குழம்புக் கிண்ணத்தோடு பனிக்குள்ளிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, அத்தைக்கு எதிரே சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவள் கிண்ணத்தில் இவள் ஒரு கரண்டி ஊற்றினாள், இவள் கிண்ணத்தில் அவள். எல்லாருக்கும் கண்ணீர் வழிந்தது. இன்னா காரம், இன்னா காரம் என்று அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு சொன்னார்கள். அத்தை ஒவ்வொருத்தி மடியிலும் முகத்தைப் புதைத்து எழுந்தாள். நான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, யாருடைய குழம்பு அதிகக் காரம் என்று போட்டி நடக்கிறதாக நினைத்து, எங்கள் அம்மாவுக்கே முதல் பரிசு என்று தீர்ப்பும் சொன்னேன்.

ஊருக்கே சளி பிடித்திருப்பதைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. அந்தப் பெண்களில் பிள்ளையைப் பறிகொடுக்காதவள் ஒருத்திகூடக் கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து மலையில் பெற்றதெல்லாம் தங்காது.

இப்படியே திருவிழாவின் முந்தின நாள் வந்தது. மறுநாள் பொங்கல், அம்மன் ஊரைச் சுற்றி வருவாள், காப்பு அவிழ்ப்பார்கள். இன்னும் ஒரு பொழுதைத் தாண்டினால் போதும். அந்தப் பொழுதுக்குத்தான் மிளகாய் இல்லை.

மிளகாய் எங்கள் மலையில் விளைகிற சரக்கு இல்லை. கீழே சந்தையிலிருந்துதான் வர வேண்டும். காப்புக் கட்டியிருக்கும்போது இறங்கவும் கூடாது. வருஷத்துக்கு வைத்திருந்ததை அத்தனை வீடும் அந்தச் சில நாளில் தீர்த்துவிட்டிருந்தது. அம்மா என் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, யார் வீட்டிலாவது நாலு மிளகாய் வாங்கி வா என்று அனுப்பினாள். பனியில் நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லாரும் பானையைக் கவிழ்த்துக் காட்டினார்கள். ஒரு வீட்டில் காம்புகளை மட்டும் அள்ளிப் போட்டார்கள். மிளகும் இல்லை, சுக்கும் இல்லை. வெறுங்கிண்ணத்தோடு வந்து நின்றேன். அம்மா காம்புகளை எடுத்து அடுப்பில் போட்டாள். அவை பொசுங்கி ஒரு துளி நெடி வந்தது, உடனே போய்விட்டது.

அன்றைக்கு வைத்தது வெறும் மொச்சைக் குழம்பு. புளி, உப்பு, மஞ்சள், மல்லி, பூண்டு. அடிநாக்குக்குக்கூட உறைக்காது. நான் சட்டியிலிருந்து எடுத்து நக்கிப் பார்த்து, நாலைந்து நாளாக எரிந்த என் நாக்குக்கு இன்றைக்குத்தான் விடுதலை என்று சந்தோஷப்பட்டேன். அம்மா, அத்தையிடம், இன்று ஒருநாள் பல்லைக் கடித்துக்கொள், நாளைக்குக் காப்பு அவிழ்ந்ததும் எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம் என்று சொன்னாள். அத்தை தலையாட்டினாள். அப்பா கோயிலில் பந்தல் போடப் போயிருந்தார். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

தம்பி அதுவரை பாயில் விளையாடிக்கொண்டிருந்தான். அன்று காரம் இல்லாததால் அவனை யாரும் தள்ளி வைக்கவில்லை. அவன் தவழ்ந்து வந்து அத்தையின் மடியில் ஏறினான். அவள் வாயிலிருந்த சோற்றைத் தனக்குக் கொடு என்று விரலால் அவள் உதட்டைத் திறந்து பார்த்தான். அப்புறம் அவளுடைய ரவிக்கையில் முகத்தை வைத்துத் தேய்த்தான்.

அத்தை பெருங்குரல் எடுத்தாள். முந்தின அழுகையெல்லாம் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு எழுந்து வாயைப் பொத்தக்கூட நேரமில்லை. நெடி இல்லாத வீட்டில், புகை இல்லாத பனியில், அந்தக் குரல் நேராக வெளியே போயிற்று.

கவுண்டர் வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கோ நின்றிருக்க வேண்டும். குனிந்து உள்ளே வந்து தடியைச் சுவரில் சாய்த்தார். அத்தை தம்பியை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். குரலை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“அழுகுரல் கேட்டுது,” என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. கை மட்டும் ஒரு தட்டை இழுத்து வைத்தது. “காரம் மாமா. சளிக்குன்னு வச்சேன், கொஞ்சம் தூக்கலாப் போய்ட்டுது. சாப்புடற நேரத்துக்கு வந்துட்டீங்க, ஒக்காருங்க.”

சோறு போட்டுக் கூப்பிட்டபின் கை நனைக்காமல் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அவர் உட்கார்ந்தார். மஞ்சள் கயிறு கட்டின கையால் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார். நிதானமாக மென்றார். சட்டியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா கரண்டியைப் பிடித்த பிடியில் அப்படியே இருந்தாள், எனக்கு இன்றும் அந்தக் கை கண்ணில் நிற்கிறது. பெரியவர்கள் இப்படித் தப்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது உண்மை தெரிந்தவள் சும்மா இருப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

“தாத்தா, இதுல மொளகாவே இல்ல,” என்றேன். “நான்தான் வூடு வூடாப் போயி கேட்டேன். ஒருத்தர் கிட்டயும் இல்ல.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கவுண்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இன்னொரு கவளம் எடுத்து வைத்துக்கொண்டார். அதை மெல்லவில்லை, வாயிலேயே வைத்திருந்தார். அவருடைய கண் நிறைந்து, நீர் கன்னத்தில் இறங்கி, மீசைக்குள் போனது.

“யாரு சொன்னது?” என்றார். “நல்ல காரம்.”

அம்மாவின் பக்கம் தட்டை நகர்த்தினார். “இன்னும் ஒரு கரண்டி ஊத்தும்மா.” பிறகு அத்தையைப் பார்க்காமலே சொன்னார், “நீயும் சாப்டும்மா. சளி நல்லா எறங்கட்டும்.”

அத்தை அழுதாள். அவரும் அழுதார். இரண்டு பேரும் சத்தமாகவே அழுதார்கள், நடுநடுவே ஒரு வாய் சோறு. அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கவுண்டருடைய மனைவி ஒரு காப்புக் காலத்தில்தான் இறந்துபோனாள் என்று நான் பெரியவளாகிக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அம்மா சொன்னாள். அப்போதும் கயிறு அவர் கையில். மேளமில்லாமல், ஒரு குரல் எழும்பாமல் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்களாம். திருவிழா முடிந்து, வந்த சனம் போய், சாவகாசமாக அழலாம் என்று உட்கார்ந்தால் அழுகை வருமா? வரவில்லையாம். அவர் எங்கள் வீட்டில் அழுதபோது அதற்கு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. குழம்பில் காரம் இல்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பாவம், வயசானால் நாக்கு இப்படி ஆகிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய், ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து அவரிடம் கொடுத்தேன். அவர் அண்ணாந்து கடகடவென்று முழுக்கக் குடித்துவிட்டு, காரம் தாங்காதவர் மாதிரி வாயால் ஊதினார். ஊரே பயப்படுகிற கவுண்டர், காரமே இல்லாத குழம்புக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறாரே என்று எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.